வாரக் கணக்கில் வெற்றி, வருடக் கணக்கில் நட்டம்

மன்னார் மாவட்டத்தின் நானாட்டான் பிரிவில், வங்காலைக்குப் பக்கத்தில் இருக்கிறது நறுவிலிக்குளம். கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளைவிக்கும் பகுதி அது. அங்கே குதிரை கிடையாது. பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் போனால் தெருவோரம் கழுதைகள் நிற்கும். காட்டுக்குதிரை பார்க்க நெடுந்தீவுக்கும், பந்தயக்குதிரை பார்க்க ஏப்ரல் மாதத்து நுவரெலியாவுக்கும் போகவேண்டும்.

அப்படியான ஊரில் இருந்துகொண்டு இங்கிலாந்துக் குதிரைமேல் காசு கட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். குடிப்பவர் இல்லை, கடன் வாங்குபவர் இல்லை. பகலில் வேலை, பொழுதுபட்டால் ரேஸ். நாளுக்கு நாலு ஓட்டம், ஓட்டத்துக்கு 200 ரூபா. வாரம் முழுவதும் விளையாடினால் 28 ஓட்டம், 5,600 ரூபா. கேட்டால் பொழுதுபோக்கு என்பார். சிலர் படம் பார்க்கிறார்கள், சிலர் கிரிக்கெட் பார்க்கிறார்கள், நான் ரேஸ் பார்க்கிறேன் என்பார்.

வேண்டுமென்றே இவரைத் தேர்ந்தெடுக்கிறேன். ரேஸால் வீட்டை விற்றவர்கள், தாலிக்கொடியை அடகுவைத்தவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. அவற்றை மட்டும் வைத்து இந்தப் பழக்கத்தை எடைபோட்டால், “அவன் அளவு தெரியாதவன், எனக்கு அளவு தெரியும்” என்று ஒவ்வொருவரும் விலகிக்கொள்வார். ஒரு பழக்கத்தின் உண்மையான தரம், அதை நிதானமாகச் செய்கிறவரின் சாதாரண வாரத்தில்தான் தெரியும். அவருக்கு ரேஸ் என்ன தருகிறது, அதற்கு என்ன விலை எடுக்கிறது, அதே நன்மையைக் குறைந்த விலைக்குப் பெற முடியாதா என்பவைதான் இந்தக் கட்டுரையின் கேள்விகள்.

குதிரை போய்ப் பந்தயம் தங்கிய கதை

இலங்கையில் ரேஸ் வெள்ளைக்காரர் விட்டுப்போன பழக்கம். கொழும்பில் காலிமுகத்திடலில் ஓடிய குதிரைகள் 1893இல் கறுவாத்தோட்டத்து மைதானத்துக்கு மாறின. இரண்டாம் உலகப் போரில், 1942இல், அந்த மைதானம் விமான ஓடுபாதையானது. போருக்குப் பிறகு மறுபடி குதிரை ஓடியது. 1956இல் பதவிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசு காலத்தில் கொழும்பு ஓட்டம் முடிவுக்கு வந்தது. இன்று அதே இடத்தில் றக்பி விளையாட்டரங்கும் கடைத்தொகுதியும் இருக்கின்றன. நுவரெலியாவில் மட்டும் வசந்த காலத்தில் ஆளுநர் கிண்ணம் முதலான ஓட்டங்கள் தொடர்கின்றன.

ஓட்டம் நின்றாலும் பந்தயம் நிற்கவில்லை. இலங்கைப் புக்கிகள் பிரித்தானிய ஓட்டங்களுக்குக் காசு பிடித்தார்கள். நேரமும் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. இங்கிலாந்தில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஓட்டம், கோடையில் இங்கே மாலை ஆறரை, பனிக்காலத்தில் ஏழரை. வேலை முடிந்து, குளித்து, தேத்தண்ணி குடித்து உட்காரும் நேரம். பிரித்தானியாவில் ஏறத்தாழ அறுபது ஓட்டமைதானங்கள் இருப்பதால், நத்தார் ஒட்டிய சில நாட்கள் தவிர ஆண்டு முழுவதும் எங்காவது குதிரை ஓடும்.

சென்னையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கிண்டியில் குதிரையும் பந்தயம் கட்டுகிறவரும் ஒரே மைதானத்தில் நின்றார்கள். நடைவட்டத்தில் குதிரை சுற்றி வரும்போது அதன் தோலின் மினுக்கத்தையும் வியர்வையையும் நடையையும் பார்த்துவிட்டுக் காசு கட்ட முடிந்தது. இலங்கையில் குதிரை ஓரிடம், மனிதர் ஓரிடம். நடுவில் ரேஸ் பேப்பர், தொலைக்காட்சி, புக்கி. பந்தயக்காரர் தன் கண்ணால் அறியக்கூடியதில் பெரும்பகுதியை இந்தத் தூரம் பறித்துவிடுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம். முதலில் இந்தப் பழக்கத்துக்குச் சேரவேண்டிய நற்பெயரைக் கொடுத்துவிட வேண்டும்.

ரேஸ் தரும் நன்மை

ரேஸ் பேப்பரைப் படிப்பது ஒரு படிப்பு. ஒரு குதிரையின் பெயருக்கு முன்னால் 21F-304 என்று இருந்தால், பழகியவர் அதிலிருந்து ஒரு வாழ்க்கையையே படித்துவிடுவார். இடதுபக்கம் பழையது, வலதுபக்கம் புதியது. முன்பு ஒரு முறை இரண்டாவதாக வந்தது, அடுத்து வென்றது, பிறகு தடை தாண்டும்போது விழுந்தது. கோடு போட்ட இடத்தில் ஒரு பருவம் முடிகிறது. புதிய பருவத்தில் மூன்றாவது, அடுத்து முதல் ஒன்பதுக்குள் வரவில்லை, கடைசியாக நான்காவது. விழுந்த பயம் தீர்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறதா, அல்லது இவ்வளவுதானா? இந்தக் கேள்வியோடுதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

அதன்மேல் பாரம் வருகிறது. ஹண்டிகப் ஓட்டத்தில் வலிய குதிரைக்குக் கூடுதல் பாரம், மெலிந்ததுக்குக் குறைந்த பாரம். எல்லாம் ஒன்றாக வந்து சேரவேண்டும் என்பதே பாரம் போடுகிற அதிகாரியின் நோக்கம். அவர் கணக்கில் தப்பிய குதிரையைக் கண்டுபிடிப்பது பந்தயக்காரரின் நோக்கம். தரை இறுகிக் கிடக்கிறதா, மழையில் ஊறிக் கிடக்கிறதா என்பது ஒரு கணக்கு. செஸ்டர் போன்ற சிறிய, இடப்பக்கம் வளைந்துகொண்டே போகும் மைதானத்தில் குறுந்தூர ஓட்டம் என்றால், உட்பக்கப் பெட்டியில் இருந்து புறப்படும் குதிரைக்கு வாய்ப்புக் கூடுதல். அது இன்னொரு கணக்கு. ஜொக்கி யார், பயிற்சியாளர் யார், எத்தனை நாள் ஓய்வு என்று கணக்குகள் நீளும். பள்ளிக்கூடத்தில் கணிதத்தை வெறுத்தவர்கள்கூட இந்தத் தாளை வைத்துக்கொண்டு பின்னங்களை மனக்கணக்காகப் போடுவதைப் பார்க்கலாம். அறிவு உழைக்கிற இடம் இது. இதை வெறும் மூடத்தனம் என்று சொல்கிறவர்கள் ரேஸ் பேப்பரை விரித்துப் பார்க்காதவர்கள்.

இரண்டாவது நன்மை, ரேஸ் மெதுவானது. ஐந்து பர்லாங் ஓட்டம் ஒரு நிமிட அளவில் முடியும்; ஒரே மைதானத்தில் அடுத்த ஓட்டம் வர அரை மணிநேரம் ஆகும். அந்த இடைவெளியில் மனிதர் யோசிக்கலாம், பேசலாம், எழுந்து வீட்டுக்கும் போகலாம். கைத்தொலைபேசியில் நொடிக்கு ஒரு முறை சுழலும் சூதாட்டங்களில் அந்த இடைவெளியே இல்லை.

மூன்றாவது, கூட்டாளிகள். “இண்டைக்கு எது ஓடும் அண்ணை?” என்று தொடங்கும் பேச்சில் வயதும் தொழிலும் மறந்துபோகும். தன் கணிப்பை நாலு பேர் முன்னால் சொல்லி, அரை மணிக்குள் அது பிழைத்துப்போவதைப் பார்த்து, அடுத்த ஓட்டத்துக்கு மறுபடி யோசிப்பது ஒரு பயிற்சிதான். நம் ஊர்களில் ஆண்கள் தங்கள் பிழையை ஒத்துக்கொள்ளப் பழகும் இடங்கள் அதிகம் இல்லை.

நாலாவது, இந்தத் திறமை உண்மையானது. தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்கு நீண்டுபோய், 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல என்று தீர்ப்பளித்தது. ஹொங்கொங்கில் 1980களில் இருந்து பில் பென்டர் என்ற அமெரிக்கர், குதிரைகளின் பழைய பதிவுகளைக் கணினியில் போட்டு வாய்ப்பைக் கணித்து, பெருஞ்செல்வம் சேர்த்தார். திறமைக்குப் பலன் உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

அரசே சந்திக்குச் சந்தி விற்கும் அதிர்ஷ்ட இலாபச் சீட்டோடு வைத்துப் பார்த்தால், ரேஸ் பல படி மேலானது. சீட்டு வாங்குகிறவரிடம் எந்தச் சிந்தனையும் கேட்கப்படுவதில்லை. ஆனாலும் சீட்டு வாங்குகிறவரை ஊர் குறை சொல்வதில்லை. ரேஸ் பேப்பரைக் கக்கத்தில் வைத்திருப்பவரைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறது. இது நேர்மையான அளவீடு இல்லை.

விலைக்குள் இருக்கும் கழிவு

இவ்வளவு நன்மைக்குப் பிறகும் நட்டம் ஏன் வருகிறது? குதிரையைத் தேர்ந்தெடுப்பதில் பிழை இருப்பதால் என்று பந்தயக்காரர் நினைக்கிறார். அடுத்த வாரம் இன்னும் கவனமாகப் படித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறார். நட்டத்தின் ஊற்று வேறிடத்தில் இருக்கிறது.

எட்டுக் குதிரை ஓடும் ஒரு ஓட்டத்துக்குப் புக்கி போடக்கூடிய விலைகள் இவை என்று வைப்போம்: 2/1, 7/2, 5/1, 7/1, 10/1, 12/1, 16/1, 25/1. ஒவ்வொரு விலைக்குள்ளும் ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. 2/1 என்றால் ஒரு ரூபா கட்டினால் இரண்டு ரூபா இலாபம்; அதற்குள் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, அதாவது 33.3 வீதம். 7/2 என்றால் 22.2 வீதம். 25/1 என்றால் 3.8 வீதம். எட்டையும் கூட்டினால் ஏதாவது ஒன்று வென்றே ஆகவேண்டும் என்பதால் 100 வரவேண்டும். வருவது 111. இந்த மேலதிகமான 11தான் புக்கியின் வருமானம். எந்தக் குதிரை வென்றாலும் 100 ரூபா கைக்கு வரும்படி எட்டிலும் பிரித்துக் கட்டினால் 111 ரூபா கட்டவேண்டும். கட்டுகிற ஒவ்வொரு நூறிலும் பத்து ரூபா, குதிரை பெட்டியை விட்டுக் கிளம்பும் முன்னரே போய்விடுகிறது.

முன்னணிக் குதிரையின் உண்மையான வாய்ப்பு 33 வீதம் இல்லை, 30 வீதம் என்றுதான் இந்தக் கணக்குச் சொல்கிறது. மூன்றில் ஒரு ஓட்டத்தை ஃபேவரிட் வெல்லும் என்று பந்தயக்காரர்கள் சொல்வது அனுபவத்தில் ஏறத்தாழச் சரிதான். ஆனால் அந்த வாய்ப்புக்குச் சரியான விலை கிடைக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. ரேஸ் கடைப் பேச்சு முழுவதும் “எது வெல்லும்?” என்பதைச் சுற்றியே ஓடுகிறது. “இந்த விலைக்கு இது பெறுமா?” என்ற கேள்விதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. தொடக்க விலை என்கிற எஸ்பிக்குக் கட்டுகிறவருக்கோ அந்தக் கேள்வியைக் கேட்கவும் வழியில்லை. குதிரை கிளம்பும்போதுதான் விலை முடிவாகும். அவர் விலை தெரியாமலே பொருளை வாங்கியிருக்கிறார்.

பெரிய விலைக் குதிரைகள் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். 1949இல் ரிச்சர்ட் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர்கள் சிறிய வாய்ப்பைப் பெரிதாக மதித்து அதற்கு அளவுக்கு மீறிய விலை கொடுக்கிறார்கள் என்று ரேஸ் பதிவுகளை வைத்தே காட்டினார். அதற்குப் பிறகு பல நாடுகளில் இதே போக்கு மறுபடி மறுபடி கண்டறியப்பட்டிருக்கிறது. 1967இல் கிராண்ட் நஷனல் ஓட்டத்தில் முன்னால் போன குதிரைகள் ஒரு தடையில் குவிந்து விழ, பின்னால் வந்த ஃபொய்னவொன் 100/1 விலையில் வென்றது. இன்றும் பேசப்படுவது அந்த ஒரு வெற்றி. 100/1 விலையில் ஓடித் தோற்ற குதிரைகளின் பெயர் எதுவும் யாருக்கும் நினைவில் இல்லை.

டபுள், ட்ரெபிள் என்று ஓட்டங்களைச் சேர்த்துக் கட்டும்போது கழிவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. ஓர் ஓட்டத்தில் நூறுக்கு 90 திரும்பும் என்றால், மூன்று ஓட்டம் சேர்த்த ட்ரெபிளில் திரும்புவது 73. நாலு சேர்த்தால் 66. குறைந்த காசில் பெரிய தொகை என்று சிறு வருமானக்காரரை இழுப்பது இதுதான். புக்கிக்கு அதிகக் கழிவு தருவதும் இதுதான்.

பென்டரின் வெற்றியையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். எல்லோரும் கட்டிய காசை ஒன்றாகச் சேர்த்து வென்றவர்களுக்குப் பிரிக்கும் ஹொங்கொங் டோட்டில் வின், பிளேஸ் பந்தயங்களில் 17.5 வீதம் கழிக்கப்படுகிறது. அதைத் தாண்டி அவர் வென்றது, மற்றவர்கள் பிழையாக மதித்த குதிரைகளை மட்டும் பொறுக்கியதால். அதற்குக் கணினிகளும், ஊழியர்களும், ஆண்டுக்கணக்கான தரவும், மற்றவர்கள் போட்டுக் குவித்த பெருந்தொகையும் வேண்டியிருந்தன. மாலை ஆறு மணிக்குப் பேப்பரை விரிக்கும் ஒருவருக்கு அவர் முன்மாதிரி ஆகமாட்டார். இத்தகைய கூர்மையான கணிப்புகளும் சேர்ந்தே சந்தை விலை உருவாகிறது. அந்த விலைக்கு எதிராகத்தான் நம்மவர் விளையாடவேண்டும்.

வாரம் என்ற பிழையான அளவுகோல்

இப்போது நம் பொழுதுபோக்காளரின் வாரத்துக்கு வருவோம். 28 ஓட்டத்திலும் அவர் 2/1 விலைக் குதிரையைப் பிடிக்கிறார், ஒவ்வொன்றுக்கும் 30 வீத வாய்ப்பு என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒரு வெற்றிக்குக் கட்டிய காசோடு 600 ரூபா கைக்கு வரும். பத்து வெற்றி கிடைத்தால் 6,000. அந்த வாரம் 400 ரூபா இலாபம். ஒன்பது கிடைத்தால் 5,400. 200 ரூபா நட்டம். சராசரியாகக் கிடைக்கவேண்டியது எட்டுக்குச் சற்று மேல். ஆகவே சராசரி வாரத்தில் 560 ரூபா போகும்.

ஆனால் சராசரி வாரம் என்று ஒன்று அவர் வாழ்க்கையில் வருவதில்லை. நல்ல வாரமும் கெட்ட வாரமும்தான் வரும். பத்தோ அதற்கு மேலோ வெற்றி கிடைப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒன்று. எந்தத் திறமையும் கூடுதலாக இல்லாமல், கழிவு முழுவதையும் கொடுத்துக்கொண்டே, மூன்று வாரத்தில் ஒரு வாரம் அவர் இலாபத்தோடு வீட்டுக்கு வருவார். அந்த வாரம் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார். வீட்டிலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தன் கணிப்பு தேறிவருகிறது என்று அவர் நம்புவதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிடும்.

இதே கணக்கை ஆண்டுக்கு நீட்டினால் படம் மாறிவிடும். 1,456 ஓட்டம், 2,91,200 ரூபா கட்டு, 29,120 ரூபா நட்டம். ஆண்டு முடிவில் இலாபத்தில் நிற்பதற்கான வாய்ப்பு நூறில் ஒன்றுகூட இல்லை. 2026 தொடக்கத்தில் இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஒரு வருடப் பொழுதுபோக்குக்கு ஒரு மாதச் சம்பளம் என்று யாராவது முன்கூட்டியே கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருப்பாரா? வாரம் வாரமாகக் கேட்கப்பட்டதால் சம்மதித்தார். இந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய குறை இதுதான்: மூன்றில் இரண்டு வாரம் இழப்பைச் சிறிதாகவும், மூன்றில் ஒரு வாரம் அதை இலாபமாகவும் காட்டி, ஆண்டின் உண்மையை மறைத்துவிடுகிறது.

திருவள்ளுவர் சூது அதிகாரத்தின் முதற் குறளிலேயே எச்சரிப்பது தோல்வியைப் பற்றி அல்ல, வெற்றியைப் பற்றி. வெற்றியே மனிதரை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது என்று அவர் கண்டது, இன்றைய நிகழ்தகவுக் கணக்கோடு பொருந்தி வருகிறது.

தொடர் தோல்வியையும் பார்க்கவேண்டும். இதே 30 வீத வாய்ப்பில், 28 ஓட்டத்துக்குள் தொடர்ந்து பத்துத் தோல்வி வருவது ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒரு வாரம் நடக்கக்கூடியது. அது அசாதாரணம் இல்லை, கணக்குப்படி வரவேண்டியதுதான். ஆனால் பத்து முறை தொடர்ந்து தோற்றவருக்கு “இனி வரவேண்டும்” என்று தோன்றும். தோற்றதை எடுக்க அடுத்த கட்டை இரட்டிப்பாக்கும் முறை ஒன்று எல்லா ரேஸ் கடையிலும் பேசப்படும். 200 ரூபாவில் தொடங்கி ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டித்தால், பத்தாவது தோல்வியோடு போன தொகை 2,04,600 ரூபா. பதினோராவது கட்டு 2,04,800. நிதானமான பொழுதுபோக்காளர் நிதானத்தை இழக்கும் வாசல் இது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை அந்த வாசல் திறக்கும்.

தூரமும் வருமானமும்

நறுவிலிக்குளத்தில் இருப்பவருக்கு இன்னும் இரண்டு சுமைகள் உண்டு. ஒன்று நான் முன்பு சொன்ன தூரம். பேப்பர் அச்சான பிறகு அங்கே மழை பெய்து தரை மாறியிருக்கலாம். நடைவட்டத்தில் குதிரை வியர்த்துக் குழம்பியிருக்கலாம். லாயத்தில் என்ன பேசுகிறார்கள் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். விலை அதற்கேற்ப நகரும். எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவருக்கு மிஞ்சுவது எல்லோருக்கும் தெரிந்த பழைய பதிவு. எல்லோருக்கும் தெரிந்தது ஏற்கெனவே விலைக்குள் போய்விட்டது. அவர் படிப்பில் செலவிடும் உழைப்பு உண்மையானது. அந்த உழைப்புக்கு விலை கிடைக்கும் இடத்தில் அவர் இல்லை.

மற்றது வருமானத்தின் தன்மை. நானாட்டான் பக்கத்து வயல்காரருக்குக் காசு போகத்தோடு வரும். வங்காலைக் கடற்றொழிலாளிக்குக் காற்றும் கடலும் விட்டால் வரும். கூலி வேலைக்காரருக்கு வேலை இருக்கிற நாளில் வரும். மாதச் சம்பளக்காரர் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கலாம். அறுவடைக் காசு ஒரே நாளில் கைக்கு வரும்போது ஓட்டத்துக்கு 200 என்ற அளவு 1,000 ஆக ஏறுவதைத் தடுக்க ஒன்றும் இல்லை. அந்தக் காசு அடுத்த போகத்தின் விதைநெல், பசளை, உழவுக்கூலி என்பது அப்போது கண்ணுக்குத் தெரியாது. போருக்குப் பிறகு நுண்கடன் சுமையில் அகப்பட்ட வடபகுதிக் குடும்பங்களில், வாரத் தவணை கட்டவேண்டிய பெண்ணும் வாரப் பந்தயம் கட்டுகிற ஆணும் ஒரே வீட்டில் இருந்தால், இரண்டு வாரக் கணக்கும் ஒரே காசில் மோதும். அவர் பொழுதுபோக்கு என்று சொல்வதற்கு அவள் விலை கொடுப்பாள். இந்த இடத்தில் “என் காசு, என் விருப்பம்” என்ற வாதம் நிற்காது.

அரசின் பங்கு

1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் புக்கிகளிடமும் சூதாட்ட நிலையங்களிடமும் அரசு அறவீடு வாங்குகிறது. ஓட்டங்களை நேரடி ஒளிபரப்பில் காட்டும் புக்கிக்கு ஒரு தொகை, காட்டாதவருக்கு ஒரு தொகை என்று அந்தச் சட்டம் பிரித்தது. மொத்த வசூலில் எடுக்கும் வீதம் 2023இல் 15 ஆகவும் 2025இல் 18 ஆகவும் உயர்ந்தது. 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டமும் நிறைவேறியது. பழைய குதிரைப் பந்தயக் கட்டளைச் சட்டம் அதோடு நீக்கப்பட்டது. ஒரே அதிகாரசபையின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவருவது நல்ல தொடக்கம். ஆனால் வசூல் கூடினால் வருமானம் கூடும் என்ற நிலையில் இருக்கும் அரசு, மக்கள் கட்டும் தொகை குறையவேண்டும் என்று உள்ளூர விரும்புமா என்ற கேள்வி எஞ்சுகிறது.

வரியை மட்டும் ஏற்றிக்கொண்டு போவது தீர்வு இல்லை என்பதற்கு இந்தியா அருகில் இருக்கும் பாடம். 2023 ஒக்டோபரில் இருந்து பந்தயத் தொகையின் முழுப் பெறுமதிக்கும் 28 வீதம் ஜிஎஸ்டி. 2025 செப்ரெம்பரில் அது 40 ஆனது. உச்ச நீதிமன்றம் திறமை என்று ஏற்ற ஒன்றில், எந்தத் திறமையாலும் தாண்டமுடியாத சுவரை வரி எழுப்பிவிட்டது. அப்படிப்பட்ட சுவர் பந்தயத்தை நிறுத்தாது. இரசீதும் வரியும் இல்லாத கள்ளப் புக்கியிடம் கொண்டுபோய் விடும். அங்கே கடனுக்கும் கட்டலாம் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

அதிகாரசபை செய்யவேண்டியது வேறு. கடனுக்குப் பந்தயம் பிடிப்பதை எந்த வடிவிலும் தடுக்கவேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு ஒரு மாத உச்சவரம்பு வைக்க வழி வேண்டும். வைத்ததை அதே மாலையில் உயர்த்த முடியாதபடி இருக்கவேண்டும். இணையத்தில் கட்டுகிறவருக்கு, இந்த ஆண்டு இதுவரை கட்டியது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டுக்கு முன்னும் திரையில் தெரியவேண்டும். மீள விரும்புகிறவருக்கும் அவர் வீட்டாருக்கும் ஆலோசனை தமிழில், மன்னாரில் கிடைக்கவேண்டும். இவற்றில் எதுவும் ரேஸின் அறிவையோ சுவையையோ குறைக்காது.

எடைபோட்டால்

நன்மை, தீமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ரேஸின் நன்மைகள் கட்டும் தொகையோடு வளர்வதில்லை. பேப்பரைப் படிக்கும் சுவை, கணிப்பு பலிக்கும் மகிழ்ச்சி, கூட்டாளிகளோடு வாதாடும் மாலை எல்லாம் 20 ரூபாவுக்கும் அதேதான், 2,000 ரூபாவுக்கும் அதேதான். தீமைகளோ ஒவ்வொரு ரூபாவோடும் வளர்கின்றன. 20 ரூபாக் கட்டில் ஆண்டு நட்டம் 2,912 ரூபா. எந்தக் குடும்பமும் அதனால் சிதையாது. 2,000 ரூபாக் கட்டில் அதே பழக்கம், அதே அறிவு, அதே குதிரைகள். ஆண்டு நட்டம் 2,91,200.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலிமையான வாதம் ஒன்று உண்டு. காசு கனக்காவிட்டால் நெஞ்சு துடிக்காது, நெஞ்சு துடிக்காவிட்டால் ரேஸ் ரேஸே இல்லை என்பார்கள். உண்மைதான், அந்தத் துடிப்பு மட்டும் தொகையோடு வளர்கிறது. ஆனால் அது பழகிப்போகும் தன்மையுடையது. இன்று 200 தந்த துடிப்பைத் தர அடுத்த வருடம் 500 வேண்டும், அதற்கடுத்து 1,000. அறிவின் சுவைக்கு இப்படிப்பட்ட பசி இல்லை. ரேஸை அறிவுக்காக விரும்புகிறேன் என்று சொல்கிறவர், தன் சொல் உண்மையா என்று அறிய எளிய சோதனை இது: தொகையைப் பத்தில் ஒன்றாக்கிப் பார்க்கட்டும். சுவை குறையவில்லை என்றால் அது பொழுதுபோக்கு. இவ்வளவு நாளும் மேலதிகமாகக் கொடுத்தது வீண் செலவு. சுவை போய்விட்டது என்றால் அவரைப் பிடித்து வைத்திருந்தது குதிரையும் இல்லை, படிப்பும் இல்லை.

நறுவிலிக்குளத்தில் இருந்து குதிரை பார்க்கிறவரை நான் குறைவாக மதிக்கவில்லை. அவரிடம் இருக்கும் கணக்கறிவும், பொறுமையும், தூரதேசத்து மைதானங்களைப் பற்றிய அறிவும் மதிப்புடையவை. அதனால்தான் அவரிடம் கேட்கிறேன்: வாரக் கணக்கை விட்டுவிட்டு ஒரு குறிப்புப் புத்தகத்தில் வருடக் கணக்கு எழுதுங்கள். கட்டியது, திரும்பியது இரண்டையும் ஒவ்வொரு நாளும் எழுதி, மாதக் கடைசியில் வீட்டாருக்குக் காட்டுங்கள். கட்டும் காசைக் கட்டிய கணத்திலேயே செலவானதாக எண்ணுங்கள். திரும்பி வந்தால் வரவு. குதிரையைப் படிக்கிற அதே கவனத்தோடு அந்தப் புத்தகத்தையும் படித்தால், எவ்வளவு கட்டலாம் என்பதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.